குடுகுடுப்பை வேஷத்தில் வந்த அதிகாரி

எங்கள் அலுவலகத்தில் எனக்குச் சந்தேகப் பிராணி என்று பெயர். முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். நான் கோபித்துக்கொள்வதில்லை. உள்ளதைத்தானே சொல்கிறார்கள்? சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து வருகிற யாராவது என்னைப் பார்த்துத் தேவைக்கு மேல் சிரித்தால், இவருக்கு என்ன வேண்டியிருக்கிறது என்றுதான் என் புத்தி முதலில் போகும். பதிலுக்கு நான் சிரிப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இது பிறவிக் குணம் இல்லை. கம்பெனி கற்றுக்கொடுத்தது. காரைக்குடியில் ஒரு மாடியில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் பில்களைச் சரிபார்த்து அனுப்புகிற வேலை எங்களுக்கு. பெரும்பாலும் பெண்கள். ஒரு வருஷம் ஆயுத பூஜைக்குச் சென்னை அதிகாரிகள் சமையல்காரர் தொப்பியும் ஏப்ரனும் மாட்டிக்கொண்டு வந்து எங்களுக்குத் தோசை வார்த்துப் போட்டார்கள். துணைத் தலைவரே கரண்டி பிடித்தார். தோசை நன்றாகவே இருந்தது, அதை மறைத்தால் பாவம். எல்லாரும் செல்பி எடுத்துக்கொண்டோம். அடுத்த மாதம் கேன்டீனை மூடிவிட்டு, அந்த இடத்தில் பொத்தானை அமுக்கினால் வெந்நீர் மாதிரி ஒரு டீயைத் துப்புகிற இயந்திரத்தை வைத்தார்கள்.

சரி, தற்செயல் என்று விட்டேன். அதற்கடுத்து, பெயர் போட்ட பனியன் மாட்டிக்கொண்டு வந்து எங்களோடு கிரிக்கெட் ஆடினார்கள். எங்கள் பெண்கள் போட்ட பந்துக்கெல்லாம் வேண்டுமென்றே அவுட் ஆகிக் கொடுத்தார்கள். கைதட்டிய கை வலி தீர்வதற்குள் சனிக்கிழமை அரை நாள் விடுப்பு போயிற்று. அன்றிலிருந்து, அதிகாரி வேஷம் கட்டினால் எதையோ எடுக்க வருகிறார் என்று எனக்குள் முடிவாகிவிட்டது.

"அதுக்கும் இதுக்கும் என்னக்கா சம்பந்தம்? அவுகளும் மனுசங்கதானே, நம்மளோட சேர்ந்து கொஞ்ச நேரம் சிரிச்சுட்டுப் போகட்டுமே" என்பாள் எச்.ஆர். பெண். தேவகோட்டைக்காரி, நல்ல பெண். மேலே உள்ளவர்கள் சொல்வதை அப்படியே நம்புவாள். நம்பாவிட்டால் அந்த வேலையைப் பார்க்க முடியாது என்று நினைக்கிறேன்.

இந்தப் பொங்கலுக்கு முந்தின வாரம் அவள்தான் வந்து சொன்னாள், அதிகாரிகள் மாறுவேடத்தில் வரப்போகிறார்கள், கிராமத்து வேஷம், எங்களுக்கு ஆச்சரியம் காத்திருக்கிறது என்று. கூட்டம் குதூகலித்தது. நான் மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்தேன். இந்தத் தடவை எதை எடுக்கப் போகிறார்கள்? கேன்டீன் போயிற்று, சனிக்கிழமை போயிற்று. மிச்சம் இருந்தது வேன் ஒன்றுதான்.

வேன் என்றால் சும்மா ஒரு வண்டி இல்லை. மதியம் தொடங்கி இரவு வரை நடக்கிற இரண்டாம் ஷிஃப்ட்டுப் பெண்களை ஊர் ஊராகப் போய் ஏற்றிவந்து, வேலை முடிந்ததும் வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்குகிற ஏற்பாடு. அது இல்லாவிட்டால் கானாடுகாத்தான், கொத்தமங்கலம் பக்கத்துப் பெண்கள் இந்த ஷிஃப்ட்டுக்கு வரவே முடியாது. வேலை முடிகிற நேரத்துக்கு அங்கெல்லாம் பஸ் கிடையாது.

டிரைவரிடம் சாடையாகக் கேட்டுப் பார்த்தேன். "புது வருசத்துக்கு வண்டி உண்டா இல்லையான்னு ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கேன்க்கா. பாப்போம் பாப்போம்ங்கிறாக" என்றார். அதே வாரம் எச்.ஆர். பெண் ஒவ்வொரு மேசையாக நின்று, "வீட்டுல நெட்டு நல்லா எடுக்குதாக்கா? கோலப் போட்டிக்கு வீடியோ அனுப்பணும்ல, அதுக்குத்தான்" என்று விசாரித்துக்கொண்டு போனாள். கோலத்துக்கு எதற்கு நெட்டின் வேகத்தை எழுதிக்கொள்கிறாள் என்று எனக்குப் பொறி தட்டியது. பக்கத்து நாற்காலிக்காரி மட்டும் பெருமையாக, "எங்க வீட்டுல சூப்பரா எடுக்கும்" என்று பதில் சொன்னாள்.

பக்கத்து நாற்காலிக்காரி கொத்தமங்கலத்துப் பெண். நான் முதல் ஷிஃப்ட், அவள் இரண்டாம் ஷிஃப்ட்; மதியம் இரண்டு ஷிஃப்ட்டும் சேர்ந்திருக்கிற இரண்டு மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவோம். பி.காம். படித்தவள், இரண்டு பெண் பிள்ளைகளுக்குத் தாய், புருஷன் சிங்கப்பூரில். என் குழுவில் அவள் அளவுக்கு விறுவிறுவென்று பில் முடிக்கிறவர்கள் யாரும் இல்லை. மாமியார், கொழுந்தன்மார், அவர்கள் குடும்பம் என்று ஒரே வீட்டில் கூட்டமாக இருக்கிறார்கள். வேலைக்குச் சேரும்போது மாமியார் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாராம். "வாசல்ல வந்து கூட்டிட்டுப் போயி, வாசல்ல கொண்டாந்து விடுறதா இருந்தாப் போ. பஸ் ஸ்டாண்டுல போயி நிக்கிற சோலி ஆகாது." அப்படித்தான் வந்துகொண்டிருந்தாள்.

வேலைக்கு வருவதில் அவளுக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால் எனக்கே பொறாமையாக இருக்கும். மேசையைத் துடைப்பாள், பேனாவை ஒரு பக்கமும் தண்ணீர்ப் பாட்டிலை ஒரு பக்கமும் வைப்பாள், புருஷன் வாங்கி வந்த காப்பிக்கொட்டை நிறச் சால்வையை ஏசிக் குளிருக்குப் போர்த்திக்கொண்டு உட்காருவாள். "இந்த நாற்காலியில உக்காந்தா என்னைய யாரும் எந்திரிக்கச் சொல்ல மாட்டாகக்கா" என்று ஒரு நாள் சொன்னாள். என் சந்தேகத்தை அவளிடம் மட்டும் நான் சொல்லவில்லை. சொல்லி அவள் பொங்கலைக் கெடுப்பானேன்?

அந்த நாளும் வந்தது. அன்றைக்கு வேலை இல்லை, இரண்டு ஷிஃப்ட்டுப் பெண்களும் வந்திருந்தோம். வாசலில் கரும்பு கட்டி, தரையில் கோலம் போட்டு, கீ போர்டுகளுக்கெல்லாம் உறை மாட்டி வைத்திருந்தார்கள். முதலில் கணக்குப் பிரிவின் தலைவர் காக்கிச் சட்டையும் தோல்பையுமாகப் பஸ் கண்டக்டர் வேஷத்தில் விசில் ஊதிக்கொண்டு வந்தார். செலவைக் குறைக்கிறவர் அவர்தான். வேன் பறிபோகப் போகிறது என்று நான் பயந்துகொண்டிருக்க, அவர் கண்டக்டராக வந்து நிற்கிறார் என்றால் என் மனசு என்ன பாடுபட்டிருக்கும்?

அப்புறம் டுபு டுபுவென்று உடுக்கைச் சத்தம் கேட்டது. துணைத் தலைவர் குடுகுடுப்பைக்காரராக வந்தார்.

பிரமாதமான வேஷம், பொய் சொல்லக் கூடாது. முண்டாசு, தோளில் அடுக்கடுக்காகப் பழைய துணிகள், நெற்றி நிறையக் குங்குமம், கையில் குட்டி உடுக்கை. "நல்ல காலம் பொறக்குது! நல்ல காலம் பொறக்குது! ஜக்கம்மா சொல்றா!" என்று குரலை இழுத்தபோது பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. கூடவே ஒரு எரிச்சலும் வந்தது. எங்கள் தெருவுக்கு நிஜக் குடுகுடுப்பைக்காரர் வருவார். விடிவதற்கு முன்னால் வாசலோடு நின்று சொல்லிவிட்டுப் போவார். அவருக்கு அது வயிற்றுப்பாடு. இவருக்கு அது ஒரு நாள் கூத்து.

நிஜக்காரர் வந்தால் எங்கள் பக்கம் ஒரு நடைமுறை உண்டு. நல்லது சொன்னால் அரிசி போடுவோம். மனசைக் கலக்குகிற மாதிரி எதையாவது சொல்லிவிட்டால், அதைக் கழிக்க வழி சொல்லாமல் அவரை வாசலை விட்டு நகர விடமாட்டோம். யாருக்குச் சொன்னாரோ அவர் உடுத்திய துணி ஒன்றைக் கொடுப்போம். துணியோடு கெட்டதையும் அவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்பது நம்பிக்கை. அவர் தோளில் அவ்வளவு துணி சேருவது அப்படித்தான். கொடுத்த துணியை யாரும் திரும்பக் கேட்க மாட்டார்கள், அவரும் திரும்பத் தரமாட்டார். இது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

துணைத் தலைவர் மேசை மேசையாக வந்தார். ஒருத்திக்குக் கல்யாணம் கூடி வருகிறது என்றார், ஒருத்திக்கு ஸ்கூட்டர் வாங்கும் யோகம் என்றார். என் முன்னால் நின்று, "இந்த மேடம் ஜக்கம்மாவையே சந்தேகப்படுறாங்க!" என்றார். மாடியே அதிர்ந்தது. நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான், இவரிடம் என்னைப் பற்றி யார் சொன்னது என்று யோசித்தேன்.

அடுத்தது கொத்தமங்கலத்துப் பெண். அவள் சால்வையைப் போர்த்திக்கொண்டு, குறி கேட்கிற மாதிரியே கைகூப்பி உட்கார்ந்திருந்தாள். மனுஷருக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. உடுக்கையை ஓங்கி ஆட்டினார். "நல்ல காலம் பொறக்குது! இந்த அம்மாவுக்கு நல்ல காலம் பொறக்குது! இனிமே வேன்ல குலுங்க வேண்டாம், வெயில்ல அலைய வேண்டாம், சித்திரை பொறந்தா வீட்டுலேர்ந்தே வேலை!"

சிரிப்பு பொசுக்கென்று நின்றது. வீடியோ எடுத்துக்கொண்டிருந்த எச்.ஆர். பெண் கையை இறக்கினாள். கண்டக்டர் முகத்தில் ஈயாடவில்லை. துணைத் தலைவரும் நாக்கைக் கடித்துக்கொண்டார், நான் பார்த்தேன். ஆனால் கை மட்டும் உடுக்கையை ஆட்டிக்கொண்டே இருந்தது. அடுத்த மேசைக்கு நகரப் பார்த்தார்.

நான் எழுந்து குறுக்கே நின்றேன். எங்கிருந்து தைரியம் வந்ததென்று தெரியாது. அவர் சட்டை பேண்ட்டோடு நின்றிருந்தால் எழுந்திருக்கவே மாட்டேன்.

"சாமி, நில்லுங்க. எங்குட்டுப் போறீக? கெட்டதைச் சொல்லிப்புட்டு வழி சொல்லாமப் போனா எப்படி?"

"கெட்டதா? நல்லதுதானே சொன்னேன்?" என்றார். உண்மையிலேயே விழித்தார். வீட்டிலிருந்து வேலை என்றால் எங்களுக்குச் சந்தோஷம் என்றே அவர் நினைத்திருக்கிறார் போல.

"யாருக்குச் சாமி நல்லது?" உட்கார்ந்தபடியே கொத்தமங்கலத்துப் பெண் கேட்டாள். "வீட்டுல உக்காந்தா நான் வேலையா பாப்பேன்? ஆளாளுக்கு ஒரு காப்பி கேப்பாக. ஒரு பில்லு முடியுமா? எனக்கு இந்த நாற்காலி வேணும் சாமி."

அதற்குள் எல்லாப் பெண்களும் சுற்றி வந்துவிட்டார்கள். "வழி சொல்லுங்க சாமி!" "கழிப்புச் சொல்லாம வாசலத் தாண்டக் கூடாது!" ஆளுக்கொன்றாகக் கத்தினார்கள். முகத்தில் சிரிப்பு இருந்தது, சிரிப்புக்குக் கீழே பயமும் இருந்தது. வேலை நாளாக இருந்தால் இதில் பாதிப் பேர் அவர் வரும்போது எழுந்து நின்று தலையைக் குனிந்துகொள்கிறவர்கள்.

அப்போது அவள் ஒரு காரியம் செய்தாள். போர்த்தியிருந்த சால்வையை உருவினாள். எழுந்து வந்து, அவர் தோளில் கிடந்த துணிகளின் மேல் அதை வைத்தாள். எங்களுக்கெல்லாம் அது விளையாட்டு இல்லை. அவளுக்கு வந்ததை அவர் எடுத்துக்கொண்டார், இனி அதைக் கழிப்பது அவர் பொறுப்பு.

அவருக்கு அது எப்படித் தெரியும்? சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர். வேஷத்துக்கு இன்னொரு துணி கிடைத்ததென்று மகிழ்ந்துபோய் அதை இழுத்து விட்டுக்கொண்டார். போட்டோவுக்கு ஒரு தடவை திரும்பினார். பிறகு உடுக்கையைத் தூக்கி, "வேன் நிக்காது! ஜக்கம்மா சொல்றா, வேன் நிக்காது!" என்று முழங்கினார்.

என்ன கூச்சல்! என்ன விசில்! கொத்தமங்கலத்துப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு மட்டும் ஆறவில்லை. பாழாய்ப்போன புத்தி, என்ன செய்ய? கூச்சல் அடங்கட்டும் என்று காத்திருந்து கேட்டேன்.

"ஜக்கம்மா சொல்றாளா சார், நீங்க சொல்றீகளா?"

ஒரு கணம் குங்குமத்துக்கும் முண்டாசுக்கும் நடுவிலிருந்து அவருடைய சொந்த முகம் என்னைப் பார்த்தது. அப்புறம் அட்டகாசமாகச் சிரித்தார். "ஜக்கம்மா சொன்னா நான் மீற முடியுமா மேடம்?" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். கேட்டதற்கு அது பதில் இல்லை என்பதை அந்தச் சந்தோஷத்தில் யாரும் கவனிக்கவில்லை.

"இப்பவாவது நம்புங்கக்கா" என்று எச்.ஆர். பெண் என் தோளில் கை போட்டாள். நம்பத்தான் ஆசைப்பட்டேன். சாப்பாட்டுக்கு அதிகாரிகள் எங்களோடு தரையில் உட்கார்ந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டார்கள். துணைத் தலைவர் என் பக்கத்து இலையில்தான் இருந்தார். மூட்டு வலியோடு சம்மணம் போட்டிருந்தார் பாவம். எங்கள் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார், அவர் பையன் படிக்காததைச் சொல்லி வருத்தப்பட்டார். கெட்ட மனுஷர் இல்லை. கெட்டவராக இருந்தால் எனக்கு வேலை சுலபம். நல்ல மனுஷர் ஒருவர் நம்மோடு சிரித்துக்கொண்டே நம் அடிமடியில் கை வைக்கும்போதுதான் என்ன செய்வதென்று தெரியாமல் போகிறது.

அதிகாரிகள் வேஷம் கட்டக் கூடாது, கூத்தடிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தாராளமாகக் கட்டட்டும். ஆனால் வேஷத்தில் சொன்னதை முகம் கழுவிய பிறகும் ஒரு தடவை சொல்ல வேண்டும். அதைச் சொல்ல முடியாதவர் எங்களோடு ஆடியது என்ன ஆட்டம்? அவர் நினைத்தபோது ஆரம்பித்து, நினைத்தபோது முடித்துக்கொள்கிறார். நாங்கள் சிரிக்கவில்லை என்றால் அதற்கும் ஒரு பெயர் வைத்துவிடுவார்கள், எனக்கு வைத்த மாதிரி.

சாயங்காலம் அவர்கள் கிளம்புகிற நேரம். துணைத் தலைவர் முகம் கழுவி, நீலச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். காதோரம் கொஞ்சம் குங்குமம் ஒட்டியிருந்தது. நேராகக் கொத்தமங்கலத்துப் பெண்ணின் மேசைக்கு வந்தார். கையில் சால்வை. கசங்காமல் நான்காக மடித்திருந்தார்.

"உங்க சால்வைம்மா. மறந்து அப்படியே எடுத்துட்டுப் போயிருப்பேன்."

அவள் எழுந்தாள். கை நீளவில்லை.

"குடுத்ததைத் திருப்பித் தரக் கூடாது சார்" என்றேன் நான்.

"ஐயோ, பரவாயில்லை மேடம், எனக்கு எதுக்கு? நல்ல சால்வையா இருக்கு, அவங்களுக்குக் குளிருமில்ல?" என்றார். நான் மரியாதைக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டார். அவர் குரலில் இருந்த அக்கறை நிஜம், அதுதான் கொடுமை.

"அப்ப வேன் சார்?"

"அதெல்லாம் பேசிட்டு இருக்கோம். இன்னைக்குப் பொங்கல், ஜாலியா இருங்க. விடுங்க."

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அதிகாரி ஒருவர் நின்றுகொண்டு நீட்டும்போது எங்களில் யார் வாங்காமல் இருக்க முடியும்? அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "தேங்க்ஸ் சார்" என்றாள். சுற்றியிருந்த பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் நாற்காலிக்குப் போனார்கள். அவருக்கு எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை. எல்லாருக்கும் கையசைத்துவிட்டுச் சந்தோஷமாகப் படியிறங்கினார்.

அதற்கப்புறம் அவள் அந்தச் சால்வையைப் போர்த்தவே இல்லை. நாற்காலி முதுகில் தொங்கும், அவள் கையைக் கட்டிக்கொண்டு குளிரில் உட்கார்ந்திருப்பாள். "எடுத்துப் போத்திக்கயேன்த்தா" என்றால், "வேணாம்க்கா" என்பாள். எனக்கு ஜோசியத்திலும் குறியிலும் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆனாலும் அதைத் தொட எனக்கும் மனசு வரவில்லை. கண்டக்டராக வந்தவர் மேல் எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. அவர் எதையும் வாங்கவில்லை, எதையும் திருப்பித் தரவுமில்லை.

சித்திரையில் வேன் நின்றது. இரண்டாம் ஷிஃப்ட்டுப் பெண்களுக்குக் கம்ப்யூட்டரை வீட்டுக்கே அனுப்பினார்கள். நான் முதல் ஷிஃப்ட், உள்ளூர், எனக்கு என் நாற்காலி இருந்தது. நான் சந்தேகப்பட்டது சரியாகத்தான் இருந்தது, அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் பெயருக்கு எதிரே என் திரையில் ஒரு பச்சைப் புள்ளி தெரியும். கொஞ்ச நேரம் கீ போர்டைத் தொடாவிட்டால் அது சிவப்பாகும். சிவப்பு அதிகமானால் வேலை போய்விடும். கொத்தமங்கலத்துப் பெண் ஒரு நாள் மதியம், இரண்டு ஷிஃப்ட்டும் சேர்ந்திருக்கிற நேரம், ஒரு பில்லில் சந்தேகம் கேட்டு எனக்குப் போன் செய்தாள். விளக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.

"ஒரு நிமிசம்க்கா, வச்சிராதீக" என்றாள்.

போனைக் காதில் வைத்துக்கொண்டு இருந்தேன். அடுப்பு பற்றவைக்கிற சத்தம் கேட்டது. டம்ளர் சத்தம். இன்னொருத்தருக்கும் சேர்த்துப் போடச் சொல்லி ஒரு ஆண் குரல். திரையில் பச்சைப் புள்ளி இன்னும் பச்சையாகத்தான் இருந்தது. அவள் வந்துவிடுவாள் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சர்க்கரை போதவில்லை என்று யாரோ சொல்கிறபோது புள்ளி சிவப்பாயிற்று. நான் போனை வைக்கவில்லை.